ஞானஸ்நானமும் திருமுழுக்கும்

கிழக்கு இலண்டனின் இல்ஃபோர்டில் வளரும் தமிழ்க் கிறித்தவச் சிறார் ஆங்கிலத்தில் கேட்பது 'பேப்டிசம்' என்னும் ஒரே சொல். அது மொழிபெயர்ப்பன்று, 'தோய்த்தல்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் ஒலிவடிவமே. ஆதலின் குழந்தையின் தலையில் நீர் வார்ப்போரும், வளர்ந்தோரை நீர்த்தொட்டியில் அமிழ்த்துவோரும் சடங்கில் மாறுபட்டும் சொல்லில் ஒன்றுபடுகின்றனர். தமிழோ பொருளைச் சொல்ல முற்பட்டது. அதனால் வீட்டில் அச்சிறார் கேட்பவை இரண்டு: ஞானஸ்நானம், திருமுழுக்கு.

இவ்வழக்கில் ஒரு முரண் தோன்றுகிறது. அமிழ்த்துதலை வலியுறுத்தும் பெந்தெகொஸ்தே சபையார் 'ஞானஸ்நானம்' என்றே வழங்கி, வேறுபாடு காட்ட 'முழுக்கு ஞானஸ்நானம்' என்கின்றனர். பெரும்பாலும் நீர் வார்க்கும் கத்தோலிக்கரோ இன்று 'திருமுழுக்கு' என்கின்றனர். இதனைப் பிழை என்பார் தமிழ் வழக்கை நோக்கிலர். கோயிற் கலசத்தின்மேல் நீர் வார்த்தல் குடமுழுக்கு. இறையுருவை நீராட்டுதலும் திருமுழுக்கே. அமிழ்தல், வார்த்தல் இரண்டையும் அச்சொல் முன்பே ஏற்றிருந்தது.

உண்மையான இடர் வேறிடத்தில் உள்ளது. ஹென்றி பவர் தலைமையில் உருவாகி 1871இல் வெளிவந்த விவிலியத் திருத்தம், யோர்தானில் நிகழ்வதை ஞானஸ்நானம் என்கிறது. ஆயின் இயேசு தம் சாவையே அச்சொல்லாற் குறிக்கும் இடங்களில் (மாற்கு 10:38, லூக்கா 12:50) 'ஞான' நீங்கி, வெறும் 'ஸ்நானம்' நிற்கிறது. லூக்காவில் 'முழுகு' என்னும் வினையும் உடன்வருகிறது. சிலுவைக்கு 'ஞானம்' பொருந்தாதென மொழிபெயர்ப்பாளரின் செவி உணர்ந்தது போலும். அவ்வுணர்வு நுண்ணியது, இழப்போ பெரிது. மூலத்தில் ஆற்றையும் சிலுவையையும் பிணைத்த ஒரு சொல் தமிழில் இரண்டாகப் பிளவுண்டது. 1995ஆம் ஆண்டுப் பொது மொழிபெயர்ப்பு 'திருமுழுக்கு' என்பதையே இரு பொருளிலும் ஆண்டு அப்பிணைப்பை மீட்டது. 'திரு' என்னும் அடை சாவின் கடுமையைச் சற்றே மழுக்குகிறது என்பதும் மெய்.

உரோமையர் 6ஆம் அதிகாரத்தில் பவுல் இச்சடங்கைச் சாவும் அடக்கமுமாகக் காண்கிறார். தமிழில் அதற்கு மிக அணுக்கமான வழக்கு 'தலைமுழுகுதல்': இழவுக்குப் பின் நீராடுதல், உறவை அறவே அறுத்தல். 1858இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்ற வைணவர் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை போன்றோர்க்கு அந்நீர் ஞானத்தின் நீர் மட்டுமன்று. பிறந்த சமயத்தையும் அதனோடு பிணைந்த உறவுமுறைகளையும் கடக்கும் நீர். அவ்வறுதலைச் சொல்லும் 'தலைமுழுகுதல்' மேற்கண்ட இரு மொழிபெயர்ப்புகளிலும் இச்சடங்கின் பெயராக இடம்பெறவில்லை. அமங்கலச் சொல்லைக் குழந்தையின் நெற்றியில் இட எவர்க்கு மனம் வரும்?