ஞாயிற்றுக்கிழமைக்கும் முழுப் பக்கம்

எந்த டைரி கையில் வந்தாலும் அட்டையைத் தடவிக்கொண்டிருக்க மாட்டேன். நேராக ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் புரட்டுவேன். ஜனவரி பிறந்ததும் வங்கி, இன்ஷூரன்ஸ் ஏஜென்ட், ஜவுளிக்கடை என்று நம் வீடுகளுக்கு வந்து சேரும் டைரிகள் பலவற்றில் சனிக்கும் ஞாயிறுக்கும் சேர்த்து ஒரே பக்கம், நடுவில் ஒரு கோடு. ஆபீஸ் இல்லாத நாளில் மனிதனுக்கு எழுத என்ன இருக்கப்போகிறது என்று அச்சகத்தார் முடிவு கட்டிவிட்டார். ராகு காலத்தில் மட்டும் ஞாயிறுக்குக் குறை வைப்பதில்லை, 4.30 – 6 என்று முழுசாகப் போட்டிருப்பார்கள்.

நமக்கு டைரி என்பது வந்து சேர்கிற பொருள். பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிற பொருளாக அது இருந்ததே இல்லை. ஜப்பானிலும் ஒரு காலத்தில் நிறுவனங்களே ஊழியர்களுக்கு ஆண்டுக் குறிப்பேட்டைக் கொடுத்துவந்தன. 1990களின் பொருளாதாரத் தேக்கத்தில் அந்த வழக்கம் தேய்ந்துபோக, ஆளாளுக்குக் கடைக்குப் போய்த் தனக்குப் பிடித்ததை வாங்கத் தொடங்கினார்கள். அந்தச் சூழலில் வந்ததுதான் ஹொபோனிச்சி டெச்சோ என்கிற குறிப்பேடு. இதை உருவாக்கியவர் ஷிகெசாதோ இதோய்; விளம்பர வாசகம் எழுதுவதைத் தொழிலாகக் கொண்டவர். ‘மை நெய்பர் டோட்டோரோ’ படத்தில் அப்பாவாகப் பேசிய குரலும் அவருடையதே. 1998இல் ஓர் இணைய இதழ் தொடங்கி, அதன் வாசகர்களுக்காக 2002ஆம் ஆண்டுக்கான முதல் டெச்சோவை வெளியிட்டார். திறன்பேசி எல்லார் கைக்கும் வந்த பிறகும் ஆண்டுதோறும் அது வந்துகொண்டிருக்கிறது.

இதன் மூல வடிவம் ஏ6 அளவு, சட்டைப்பையில் திணிக்கலாம். ஒரு நாளுக்கு ஒரு பக்கம். ஞாயிற்றுக்கும் முழுப் பக்கம்தான். அப்படியானால், மற்றப் பக்கங்களும் சேர்ந்து நானூறுக்கு மேல் போகும். சாதாரணக் காகிதத்தில் அச்சடித்தால் செங்கல் மாதிரி இருக்கும். அதனால் இவர்கள் தேடிப்பிடித்தது டோமோயே ரிவர் என்கிற காகிதம். ஜெராக்ஸ் கடைக் காகிதம் சதுர மீட்டருக்கு 70, 80 கிராம் என்றால் இது 52 கிராம். தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் நிற்கும் விரல் தெரிகிறது. இத்தனை மெல்லிசில் மை பேனாவை வைத்தால் பொத்துக்கொண்டு மறுபக்கம் வரும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். வருவதில்லை. மை உள்ளே ஊறாமல் மேலேயே தங்கி மெதுவாகக் காய்கிறது. அப்படித் தங்கிக் காய்வதால், மற்ற தாளில் வெறும் நீலமாக இருக்கும் சில மைகள் இதில் எழுத்தின் அடிவளைவில் செம்பு நிறம் காட்டும். தாளைச் சாய்த்தால் ஒளிர்கிறது, நேரே பிடித்தால் காணோம். மளிகைப் பட்டியல் எழுதிவிட்டு அதைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கும் அசட்டுத்தனத்தை நான் அனுபவித்துச் செய்கிறேன்.

குறையும் உண்டு. மறுபக்கத்து எழுத்து நிழலாகத் தெரியும்; சிலருக்கு அது கண்ணை உறுத்தும். அவசரக்காரர்கள் பக்கத்தைப் பட்டென்று மூடினால் எதிர்ப் பக்கத்தில் மை ஒட்டும். இடையில் காகிதத்துக்கே ஆபத்து வந்தது. டோமோயேகாவா ஆலை இதன் உற்பத்தியைக் கைவிட, சான்சென் என்ற ஆலை உரிமையை வாங்கித் தொடர்ந்தது. 2024ஆம் ஆண்டுக்கான டெச்சோவிலிருந்து அந்தப் புதிய தாள்தான். பழசு போல் இல்லை என்று பேனாப் பித்தர்கள் இன்னும் புலம்புகிறார்கள். அந்தப் புலம்பலில் பாதி, பழைய சினிமா பற்றிய புலம்பலின் சாதி.

அச்சுக்கு வருவோம். பக்கம் முழுக்க 3.7 மில்லிமீட்டர் கட்டம். நான்கு இல்லை, மூன்றரை இல்லை, 3.7! கட்டக் கோடு வெளிறியிருப்பதால், எழுதாத பக்கத்தில் கண்ணுக்குப் படுகிறது, எழுதிய பக்கத்தில் ஒதுங்கிக்கொள்கிறது. நான் பெரிதாக மதிப்பது இன்னொன்றை. இடது ஓரத்திலிருந்து சில கட்டம் தள்ளி, மேலிருந்து கீழாக ஒரு கோடு மற்றவற்றைவிட இம்மி அழுத்தமாக ஓடுகிறது. ரகசியக் கோடு என்றே அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். மணிவாரியாக நாளைப் பிரிப்பவருக்கு அது ஓரக்கோடு. கதைபோல எழுதுபவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ‘இன்றைய முன்னுரிமைகள்’, ‘இன்று நன்றி சொல்ல மூன்று விஷயங்கள்’ என்று கட்டம் கட்டிப் பாடம் நடத்தும் பிளானர்கள் இப்போது நிறைய விற்கின்றன. அவற்றுக்குப் பக்கத்தில் இந்த ஒற்றைக் கோட்டின் அடக்கம் எவ்வளவோ பெரிய மரியாதை.

நூலால் தைத்த கட்டு. எந்தப் பக்கத்தில் திறந்தாலும் மேசைமேல் தட்டையாகக் கிடக்கும். இடது கையால் அமுக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. துணி அட்டையின் முன் ஓரத்தில் ஒரு வளையம், பின் ஓரத்தில் ஒரு வளையம். மூடும்போது இரண்டும் ஒரே நேர்கோட்டில் வந்து நிற்கின்றன. ஊடே பேனாவைச் செருகிவிட்டால் அதுவே பூட்டு. பேனாவை உருவாமல் புத்தகம் திறக்காது என்பதால், திறக்கும்போதெல்லாம் பேனா ஏற்கெனவே கையில் இருக்கிறது. எழுதத் தோன்றுகிற நேரத்தில் பேனா தேடியே பாதி யோசனையைத் தொலைத்தவர்களுக்கு இதன் அருமை விளங்கும்.

இதையெல்லாம் போனிலேயே வைத்துக்கொள்ளலாமே என்று கேட்பார்கள். தட்கல் டிக்கெட்டுக்கும் மாத்திரை நேரத்துக்கும் போன்தான். காகிதம் மணி அடிக்காது. ஆனால் போனில் செவ்வாய்க்கிழமைக்கு அடி என்பதே கிடையாது. இருபது வேலையைப் போட்டாலும் தள்ளத் தள்ள இறங்கிக்கொண்டே போகும். ஏ6 பக்கத்துக்கு அடி உண்டு. அதோடு, போனில் ஒரு வேலையை அடுத்த வாரத்துக்கு நகர்த்தினால் நகர்த்திய சுவடே இருக்காது. இங்கே ‘மாடித் தொட்டி கழுவ ஆள்’ என்பதை அடித்து, அடுத்த பக்கத்தில் எழுதி, அதையும் அடித்து, மறுபடி எழுத வேண்டும். நம் சோம்பலை நம் கையெழுத்திலேயே படிக்கக் கிடைப்பது எளிய காரியமா?

தமிழில் எழுதுபவர்கள் வாங்குமுன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கட்டத்துக்கு ஓர் எழுத்து என்று உட்காரும் ஜப்பானிய எழுத்துக்கு இந்த 3.7 அளவெடுத்தாற்போல் பொருந்துகிறது. நம் எழுத்துகள் அகலம். ‘ணை’ இரண்டு கட்டம் கேட்கும், ‘கௌ’ மூன்றுக்கும் கை நீட்டும். அகலத்தைக்கூடச் சமாளிக்கலாம். ‘கீ’யின் சுழி மேலே ஏறுகிறது, ‘ழூ’வின் வால் கீழே இறங்குகிறது, அடுத்தடுத்த வரிசையில் எழுதினால் இரண்டும் முட்டிக்கொள்ளும். என் வழி ஒன்று விட்டு ஒரு வரிசை. பக்கத்தின் கொள்ளளவு பாதியாகிவிடும், பரவாயில்லை. நெருக்கி எழுதித்தான் ஆகவேண்டும் என்பவர்கள் பணம் கட்டுமுன் ஒரு துண்டுத் தாளில் 3.7 மில்லிமீட்டர் இடைவெளியில் கோடு போட்டு, தினசரி எழுதும் பேனாவாலேயே ‘கீழூர்’ என்று ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பார்க்கட்டும். மேல்வரி வாலும் கீழ்வரி சுழியும் சிக்கிக்கொண்டால், இன்னும் மெல்லிய நிப்புக்கு மாறலாம், அல்லது 5 மில்லிமீட்டர் கட்டம் போட்ட வேறு நோட்டைப் பார்க்கலாம்.