கல்லுக்கு முன் எழுந்த கோரிக்கை

பள்ளிவாசல்களின் வரலாற்றை எழுதுகையில், கட்டுவித்த ஆட்சியாளரின் பெயரையும் திறந்து வைத்த பிரமுகரின் பெயரையும் நாம் தவறாமல் குறிக்கிறோம். இடர்க்காலத்தில் அதன் உரிமையைக் காத்து நின்றவர்கள் நம் ஏடுகளில் இடம்பெறுவது அரிது. பொஸ்னியாவின் பன்யா லூகா நகரிலுள்ள ஃபர்ஹாதிய்யா பள்ளிவாசலைப் பற்றிய கட்டுரைகளிலும் இக்குறையைக் காண்கிறோம்.

உதுமானிய ஆளுநர் ஃபர்ஹாத் பாஷா ஸொகொலோவிச் 1579இல் எழுப்பிய இப்பள்ளி, 1993 மே 7 அன்று வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அப்போரில் அந்நகரின் எல்லாப் பள்ளிவாசல்களும் அழிந்தன. ஃபர்ஹாதிய்யாவின் கற்கள் குப்பைமேட்டில் கொட்டப்பட்டன. அந்நாளில் பன்யா லூகாவின் முஃப்தியாக இருந்தவர் இப்ராஹீம் ஹலீலோவிச்.

1995ஆம் ஆண்டு டெய்ட்டன் உடன்படிக்கையால் போர் ஓய்ந்தது. அதன்வழி அமைந்த மனித உரிமை மன்றத்தில் பொஸ்னிய இஸ்லாமிய சமூக அமைப்பு வழக்குத் தொடுத்தது. தீர்ப்பு வருமுன், 1998இல், முஃப்தி வஃபாத்தானார். அவருடைய ஜனாஸாவை ஃபர்ஹாதிய்யா வளாகத்தில் அடக்கம் செய்யவும் அனுமதி மறுக்கப்பட்டது. 1999 ஜூனில் வெளிவந்த தீர்ப்பு, மீண்டும் கட்டும் உரிமையை உறுதிசெய்தது. அடக்கம் மறுக்கப்பட்டதையும் உரிமை மீறலாகவே கண்டது.

தீர்ப்பு கிடைத்தும் தடை நீங்கவில்லை. 2001 மே 7இல் அடிக்கல் நாட்டச் சென்றோர் தாக்கப்பட்டனர். காயமுற்ற முஸ்லிம் ஒருவர் பின்னர் உயிரிழந்தார். இறுதியில், மீட்ட பழங்கற்களை இயன்றவரை அவற்றின் பழைய இடங்களிலேயே பொருத்திக் கட்டிய பள்ளி, 2016 மே 7 அன்று திறக்கப்பட்டது.

இச்சீரமைப்பைப் போற்றுவோர் கல்லை அடையாளங்கண்ட கட்டடக் கலைஞரின் நுட்பத்தை வியக்கின்றனர். அவ்வியப்பு நியாயமானதே. ஆயினும் கல்லைத் தேடுவதற்கு முன், "இந்நிலம் எங்களுடையது" என்று கேட்க ஒரு சமூகம் எஞ்சியிருக்க வேண்டும். இடித்தோர் அழிக்க விரும்பியது அக்குரலையே. கட்டடத்தின் அழகை மட்டும் பேசும் வரலாறு, அக்குரலைத் தானும் மறந்துவிடுகிறது.

முஃப்தி ஒருவரே அனைத்தையும் சாதித்தார் என்பது நம் கருத்தன்று. அப்படி எழுதினால் பாஷாவின் இடத்தில் இன்னொருவரை அமர்த்தியவர்களாவோம். வழக்கு சமூகத்தினுடையது, உழைப்பு பலருடையது. ஆனால் அப்பலரின் நிலையை அவருடைய மரணம் தெளிவாகக் காட்டுகிறது: தொழுத இடத்தை இழந்தவர்களுக்கு ஒரு கப்ருக்கான இடமும் மறுக்கப்பட்டது.

நம் மஹல்லாக்கள் வெளியிடும் நூற்றாண்டு மலர்களைப் புரட்டினால், கொடையாளர் பட்டியல் நீண்டிருக்கும். வக்ஃபுப் பத்திரத்தைப் பாதுகாத்தவரும், வழக்குக்காக அலைந்தவரும் அதில் இரார். அவர்களை அறிந்த முதியோர் வாழும்போதே அப்பெயர்களைக் கேட்டெழுதுவது நம் கடமை.