கமியின் வரலாறு எழுதியவர்கள்

கமி எனும் தெய்வங்களை வணங்கும் ஜப்பானிய வழிபாடான ஷின்டோவை ஆய்ந்த மூலவர்களில் ஒருவர் மருத்துவர். மொதோரி நோரினாகா, மட்சுசாகா ஊரில் வைத்தியம் பார்த்துப் பிழைத்துக்கொண்டே, மாடியில் நான்கரைப் பாய் விரிக்கும் சிற்றறையில், கமிகளின் கதை சொல்லும் பழைய நூலான 'கொஜிகி'க்கு உரை எழுதினார். களைப்புத் தட்டினால், கயிற்றில் கோத்துத் தொங்கவிட்ட சிறுமணிகளை அசைத்து அவற்றின் ஒலியைக் கேட்பாராம். 712இல் தொகுக்கப்பட்ட அந்நூலுக்கு உரை முடிய ஏறத்தாழ 35 ஆண்டுகள் பிடித்தன. சொல் சொல்லாக நின்று பொருள் கண்ட உழைப்பு அது. ஆனால் கமிகளின் கதையை அவர் ஐயுறவில்லை, முழுதாக நம்பினார்.

ஐயுற்றவர் கூமே குனிதாகே. ஜப்பானிய அரசு அனுப்பிய இவாகுரா தூதுக்குழுவோடு அமெரிக்காவும் ஐரோப்பாவும் சுற்றி, அப்பயணத்தின் பதிவேட்டை எழுதியவர். பிறகு டோக்கியோவில் இம்பீரியல் பல்கலைக்கழகப் பேராசிரியர். ஷின்டோ என்பது வானத்தை வணங்கிய பழைய வழக்கத்தின் எச்சமே என்று 1891இல் எழுதினார். மறு ஆண்டு கட்டுரை மறுபதிப்பானதும் ஷின்டோ பற்றாளர்கள் அவர் வீட்டுக்கே வந்து வாதாடினர். கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அப்படியும் பதவி போயிற்று. அரச குலத்தின் தெய்வ வழியைத் தொடும் ஆய்வு எந்த விலை கேட்கும் என்பதைப் பின்வந்த அறிஞர்கள் அன்றே தெரிந்துகொண்டார்கள்.

அந்த அச்சம் விலக 1945 டிசம்பர் 15 வரவேண்டியிருந்தது. ஆலயங்களை அரசிடமிருந்து பிரிக்கும் ஆணையை நேசப்படைத் தலைமையகம் அன்று பிறப்பித்தது. அதன் பின் கேள்விகள் கூர்மையாயின. முராகாமி ஷிகெயோஷி 1970இல் 'அரசு ஷின்டோ' பற்றி எழுதி, மெய்ஜி அரசு கட்டிய அமைப்பை விளக்கினார். குரோதா தோஷியோ இன்னும் ஆழமாகத் தோண்டினார்: இடைக்காலத்தில் கமி வழிபாடு பௌத்தத்துக்குள்ளேயே அடங்கியிருந்தது, ஷின்டோவைத் தனி மதமாகக் காண்பது பிற்காலப் பார்வை என்றார். 1981இல் ஆங்கிலத்தில் வந்த அவர் கட்டுரை துறையையே புரட்டிப் போட்டது.

அதற்கு வலுவான மாற்றுரை ஹெலன் ஹார்டேகரிடம் இருக்கிறது. ஜப்பானின் புதிய மதங்களைக் கள ஆய்வில் கண்டு எழுதத் தொடங்கியவர், 1989இல் ஷின்டோவுக்கும் அரசுக்குமான உறவை நூலாக்கினார். 2017இல் வந்த அவருடைய முழு வரலாறு, பண்டை அரசின் கமி வழிபாட்டுத் துறையான ஜிங்கிகானில் ஷின்டோவின் தொடக்கத்தைக் காண்கிறது. பெயரை விட்டு நிறுவனத்தைப் பின்தொடரும் அந்த முறையே எனக்குச் சரியாகப் படுகிறது. ஆனாலும் குரோதாவைத் தாண்டி அந்த இடத்துக்குப் போக முடியாது. ஜப்பானிய வரலாறு படிக்க விரும்பும் மாணவர்கள் இருவரையும் அருகருகே வைத்து வாசியுங்கள், குரோதாவிலிருந்து தொடங்குங்கள்.