ஸ்டோருக்குள் ஒரு செயற்கை மூக்கு

ஊவாவின் தெமோதரைப் பக்கத்து ஸ்டோர்களில், அதாவது தேயிலைத் தொழிற்சாலைகளில், கொழுந்தின் விலை பெரும்பாலும் நொதித்தல் அறையிலேயே தீர்மானமாகிவிடுகிறது. ரோலரிலிருந்து இறங்கிய பச்சைத் தூள் செம்பு நிறத்துக்கு மாறும். இலை வாடை அடங்கிப் பழவாசம் ஏறும். டீமேக்கர் ஒரு பிடி அள்ளி முகர்ந்து, டிரையருக்கு விடச் சொல்வார். பிந்தினால் மணம் போய்விடும். ஜூலை முதல் செப்டெம்பர் வரை வறண்ட காற்றடிக்கும் ஊவா சீசனில், மெதைல் சலிசிலேற்று தரும் அந்தக் குளிர்ந்த மணத்துக்காகவே ஏலத்தில் போட்டி.

இந்த முகர்தலைக் கருவியிடம் ஒப்படைக்கும் முயற்சி கொல்கத்தாவில் நடந்தது. சி-டாக் ஆய்வு நிறுவனம், ஜாதவ்பூர் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் ஆய்வாளர்கள் நொதித்தலின் மணத்தைப் பின்தொடரும் மின்னணு மூக்கை 2007இல் விவரித்தார்கள். அதிலிருந்தவை உலோக ஒட்சைட்டு உணரிகள். இவ்வகை உணரிகள் வேலை செய்ய 200 முதல் 400 பாகை செல்சியஸ் வரை சூடேற்ற வேண்டும்.

பல்பகுதிய (பொலிமர்) நனோ உணரி என்ற இன்னொரு வகைக்கு அந்தச் சூடு வேண்டாம். காபன் நனோக்குழாய் கலந்த மெல்லிய பல்பகுதியப் படலம் ஆவியை உறிஞ்சி உப்புகிறது, உள்ளே காபன் இழைகள் விலகுகின்றன, மின்தடை ஏறுகிறது. நல்ல காற்று பட்டால் பழையபடி இறங்கும். சின்ன பற்றரி போதும், செய்யவும் மலிவு. 1990களில் கால்டெக்கில் நேதன் லூயிஸ் குழு கரித்தூளை வைத்துக் காட்டிய வழிதான் இது.

சிக்கல் தண்ணீர். நொதித்தல் அறையில் ஈரப்பதத்தை 95 வீதத்தை ஒட்டி வைத்திருப்பார்கள். மண மூலக்கூறுகளைவிட நீராவி பன்மடங்கு அதிகம். படலம் அதையும் உறிஞ்சும். ஆய்வறிக்கைகள் 'அறை வெப்பநிலையில் இயங்குகிறது' என்று பெருமையாகச் சொல்லும். சோதனையைப் பார்த்தால் பல வேளை உலர்ந்த நைதரசனும் ஒரேயொரு ஆவியும்தான். பக்கத்தில் ஈரப்பதமானி வைத்துக் கழித்துவிடலாம் என்பதும் அரைகுறைத் தீர்வே, ஈரம் குடித்த படலம் மணத்துக்குக் காட்டும் பதிலும் மாறிவிடுகிறதே! நாட்பட்டால் அளவீடு தானாக நகரும் குறை வேறு.

இன்னொன்று: ஒரு உணரி எதையும் இன்னதென்று இனங்காணாது. பல உணரிகளை அடுக்கி, டீமேக்கரும் ருசி பார்ப்பவரும் போடும் புள்ளிகளைக் கொண்டு பழக்க வேண்டும். ஆக, அவர்களை நீக்க வந்த கருவி அவர்களிடமே பாடம் படிக்கிறது. சீசன் கொழுந்தில் படித்தது மழைக்காலக் கொழுந்துக்குச் சரிவருமென்றும் இல்லை.

என் கணக்கில், இரவு முறையில் மணம் உச்சிக்கு வரும் நேரத்தைச் சொல்லி டீமேக்கரைக் கூப்பிட இது உதவும். தரம் பிரிக்கும் வேலையை இப்போதைக்குக் கொடுக்கக் கூடாது. அதையும் கொடுக்க நினைப்பவர்கள் ஆய்வுகூடக் குப்பியை விட்டு, ஒரே உணரியை ஒரே அறையில் ஆகஸ்டிலிருந்து டிசம்பர் மழை வரை மாற்றாமல் ஓடவிட்ட அளவீடுகளை முதலில் காட்டட்டும்.