பின்சக்கரத்துக்குப் புது பேட்

சொந்த வண்டி வைத்திருக்கிற ஒவ்வொருவரும் பின்பக்க டிஸ்க் பிரேக் பேடைத் தன் கையாலேயே மாற்றிப் பார்க்க வேண்டும். அவ்வளவு அருமையான வேலை! ஊரப்பாக்கத்தில் எங்கள் வீட்டு வாசலிலேயே, ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுகிறேன்.

இந்தப் பக்கத்து ஓட்டத்துக்குப் பின்சக்கர பேட் சீக்கிரம் தேய்ந்துதான் போகும். ஜிஎஸ்டி சாலையில் கிளாம்பாக்கம் தாண்டுகிறவரை பெடலிலேயே கால் இருக்கும். விடுமுறை என்றால் கேளம்பாக்கம் வழியாகக் கோவளம், அங்கிருந்து ஈசிஆரில் மாமல்லபுரம். கடற்கரை உப்புக் காற்றும் மணலும் காலிப்பருக்குள் போய்க் குடியேறிவிடும்.

என்னுடையது ஹிமாலயன் 411. பின்னால் 240 மில்லிமீட்டர் டிஸ்க், ஒற்றைப் பிஸ்டன் காலிப்பர். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, காலிப்பர் வண்டியில் இருக்கும்போதே பேட் பின்னை அலன் கீயால் லேசாக இளக்கிவிட வேண்டும். கழற்றிய பிறகு இளக்கப் போனால் பிடிமானம் கிடைக்காது. கழற்றிய காலிப்பரை ஹோஸில் தொங்கவிடாமல் கயிறு போட்டுக் கட்டிவையுங்கள். பழைய பேடையும் புது பேடையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், இத்தனை நாள் நம்மை நிறுத்தியது இந்த மெல்லிய தகடா என்று மலைத்துப்போவீர்கள்.

பிஸ்டனைச் சுற்றிப் படிந்த கருப்புத் தூளை வாயால் ஊதவே கூடாது. பிரேக் கிளீனர் அடித்துத் துடைக்க வேண்டும். அப்புறம் இரண்டு கட்டைவிரலாலும் பிஸ்டனை மெல்ல உள்ளே தள்ளினால், அந்தப் பக்கம் ஆயில் டப்பாவில் மட்டம் மேலே ஏறுகிறது! எத்தனை தடவை பார்த்தாலும் அலுக்காத காட்சி. டப்பாவைச் சுற்றித் துணி வைத்துக்கொள்ளுங்கள். டாட் 4 ஆயில் ஒரு சொட்டு விழுந்தாலும் பெயிண்ட் போச்சு. துருவேறிய பின்னை எமரி பேப்பரால் தேய்த்து, காலிப்பர் நகரும் கம்பிகளுக்கு மட்டும் சிலிக்கான் கிரீஸ் தடவி, புது பேடைப் போட்டு முடுக்கிவிடலாம். பேடிலோ டிஸ்க்கிலோ பிசுக்கு படவே கூடாது.

இப்போது பெடலை மிதியுங்கள். முதல் மிதிக்கு அப்படியே கீழே போகும். பிஸ்டன் இன்னும் பேடை வந்து தொடவில்லை. மிதிக்க மிதிக்க இறுகி, கடைசியில் காலடியில் கல் மாதிரி நிற்கிறதே, ஆஹா! பள்ளிக்கூடத்தில் படித்த பாஸ்கல் விதியை உள்ளங்காலில் உணர்கிற நிமிடம் அது. இந்த இறுக்கம் வராமல் வண்டியை நகர்த்தவே நகர்த்தாதீர்கள்.

பிறகு ஆளில்லாத காரணைப்புதுச்சேரி சாலையில் நிதானமாக ஓட்டி, வேகத்தைப் படிப்படியாகக் குறைத்து, ஆறவிட்டு, மறுபடியும் குறைத்து, டிஸ்க்கோடு பேடைப் பழக்க வேண்டும். முழுப் பிடி வரக் கொஞ்சம் ஓட்டம் தேவை.

எனக்கு இப்போதே கை பரபரக்கிறது. அடுத்தது முன்சக்கரம், அங்கே இரண்டு பிஸ்டன்!