கப்பலின் மணியும் கரையின் நேரமும்

மாலைதீவிலிருந்து சோழமண்டலக் கரையை நாடிப் புறப்பட்டுத் திசை தப்பி, 1344ஆம் ஆண்டில் புத்தளத்துக் கரையை அடைந்த மொரோக்கோ நாட்டு யாத்திரிகர் இப்னு பதூதா, அங்கு அரசு செலுத்திய ஆரியச் சக்கரவர்த்தியிடம் வேண்டியது முத்தும் அன்று, கரையோரத்திற் குவிந்து கிடந்த கறுவாவும் அன்று. பாவா ஆதம் மலையைத் தரிசித்து வருவதற்கு வழித்துணை ஒன்றையே அவர் வேண்டினார். மன்னன் ஒரு பல்லக்கும், யோகியர் நால்வரும், பிராமணர் மூவரும், தன் பரிவாரத்தார் பதின்மரும், உணவுப் பொருள் சுமக்கப் பதினைந்து ஆட்களும் தந்து அனுப்பினான். அவர் திரும்பி வருமட்டும் காத்திருப்பதாகக் கப்பற்றலைவன் வாக்களிக்க, அவனையும் மன்னனே விருந்தினனாக ஏற்றுக்கொண்டான். இன்றைய சிலாபம் என்று அறிஞர் கருதும் பந்தர் சலாவத்து வழியாக மலையை அடைந்து, தெற்கே தெவிநுவரைக்கு இறங்கி, காலியையும் கொழும்பையும் கண்டு, அவர் புத்தளத்துக்கு மீண்டபோது கப்பல் அங்கேயே நின்றது. துறையில் இறங்கி, ஒரு வட்டம் சுற்றி, இறங்கிய துறையிலேயே மறுபடியும் கப்பலேறிய பிரயாணம் அது. இக்காலத்துக் கப்பற் சுற்றுலாக்காரர் செய்வதும் அதுவே. ஒரு பேதம் மாத்திரம் உண்டு: அன்று கப்பல் பிரயாணிக்காகக் காத்திருந்தது.

இன்றோ காலை எட்டு மணிக்குத் துறை பிடித்து மாலை ஐந்துக்கோ ஆறுக்கோ புறப்பட்டுவிடும் மாளிகை போன்ற கப்பல்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் ஒரே வேளையிற் கரையிறங்குகின்றனர். அவர்களுள் கப்பற் கம்பெனியே ஒழுங்கு செய்யும் உலாவுக்கு அதிகப் பணம் கொடுக்க மனமில்லாதவரும், அறியாத ஊரில் வாடகைக் காரோட்டியோடு விலை பேச அஞ்சுபவரும் நாடுவது, ஒரு முறை சீட்டு வாங்கிவிட்டால் அந்த நாள் முழுதும் செல்லத்தக்கதாய், குறித்த வட்டத்தில் ஓயாது சுழலும் மேற்கூரையற்ற ஈரடுக்குப் பேருந்தை. விரும்பிய தரிப்பில் இறங்கலாம். பார்த்து முடித்தபின் அடுத்து வரும் பேருந்தில் ஏறிக்கொள்ளலாம். ஹாப்-ஆன் ஹாப்-ஆஃப் என்று அதற்குப் பெயர். பார்சலோனா நகரம் 1987இலேயே இதனைத் தொடங்கியது. தில்லியில் 2010ஆம் ஆண்டுக் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டியை ஒட்டி வந்தது. சிங்கப்பூரில் அது நிலைத்துவிட்ட ஒரு காட்சி. ஈரடுக்குப் பேருந்து நமக்கும் புதுமையன்று. 1958இல் இலங்கைப் போக்குவரத்துச் சபை தோன்றியபின், லண்டன் மாநகரம் ஓட்டிக் கழித்த செந்நிற ஈரடுக்குகள் கொழும்பு வீதிகளில் ஓடியதுண்டு. ஆயின் அவற்றில் ஏறியவர்கள் காட்சி காண ஏறவில்லை, கந்தோருக்குப் போக ஏறினார்கள்.

இம்முறையின் குணதோஷங்களை ஆராயும்படி என்னைத் தூண்டியது என் சின்னம்மாவின் மகள் கேட்ட ஒரு கேள்வி. ரொறன்ரோவில் குடியேறி முப்பது ஆண்டுகளாகிவிட்ட அவள், கணவனோடு கப்பலில் வந்து கொழும்பில் ஒரு பகல் தங்கினாள். நான் சிலாபத்திலிருந்து விடியற்காலைப் பஸ்ஸில் புறப்பட்டுப் போய்த் துறைமுக வாயிலிற் சந்தித்தேன். மத்தியதரைக் கடலின் துறைகளிலெல்லாம் அந்தப் பேருந்திலேயே சுற்றிப் பழகியவள், குசலம் விசாரித்து முடிப்பதற்கு முன்பே, “அண்ணன், இங்கேயும் அந்த ஏறி இறங்கிற பஸ் இருக்கோ? முன்னேஸ்வரத்துக்குப் போய்வர நேரங் காணுமோ?” என்று கேட்டாள். கொழும்பிலிருந்து, முன்னேஸ்வரத்தை அடுத்துள்ள சிலாபம் ஏறத்தாழ 80 கிலோமீற்றர், புத்தளம் 130, கற்பிட்டி அதற்கும் அப்பால். நேரங் காணாது என்று சொன்னேன். சொன்ன பிறகு, காணாதது நேரந்தானா, வேறொன்றா என்று நெடுநாள் யோசித்தேன்.

முதலில் அப்பேருந்துக்குரிய நியாயத்தைச் சொல்லிவிடுதல் தருமம். அறிமுகமற்ற நகரத்தின் அமைப்பை, எது வடக்கு, எது கடல், எது கடைத்தெரு, எது ஆலயம் என்று, இரண்டு மணி நேரத்துள் ஒருவன் மனத்திற் பதிய வைப்பதற்கு உயரமான ஆசனத்தைப் போன்ற உபகரணம் பிறிதில்லை. முழங்கால் வலியுள்ள முதியோரும், கைக்குழந்தையோடு வந்தவரும், வெயிலில் நடக்க இயலாதவரும் பிறர் தயவை நாடாமல் ஊரைக் காண்பதற்கு அது வழி செய்கின்றது. கட்டணம் முன்னரே தெரிந்தது. ஆதலால் ஏமாற்றமோ வாக்குவாதமோ இல்லை. கப்பற் கம்பெனியின் உலாவில் கொடி பிடித்த வழிகாட்டியின் பின்னே நாற்பது பேர் மந்தையாய் நடக்க, விரும்பாத கடையில் அரைமணி நேரம் நிற்க நேருமே, அந்த நிர்ப்பந்தம் இங்கே கிடையாது. பேருந்தை இகழ்ந்து பேசும் பண்டிதர் பலர், தாமே அறியாத ஊரிற் போய் இறங்கினால் முதலில் அதையே தேடுவர் என்பது என் அபிப்பிராயம், நானும் தேடியிருக்கிறேன்.

ஆயினும் அது விற்கும் சரக்கு சுதந்திரம் என்பதால், அச்சுதந்திரத்தை நிறுத்துப் பார்க்க வேண்டும். எட்டு மணிக்கு வந்து ஐந்துக்குப் புறப்படும் கப்பல் தரும் அவகாசம் ஒன்பது மணி. இறங்கித் துறைமுகத்தைக் கடந்து வாயிலுக்கு வர ஒரு மணி, புறப்பாட்டுக்கு முன் எல்லோரும் ஏறிவிட வேண்டிய கெடுவுக்கு ஒரு மணி, போக்குவரத்து நெரிசலுக்கு அஞ்சி ஒதுக்குவதும் பகலுணவும் சேர்ந்து மற்றொரு மணி, எஞ்சியவை ஆறு. வட்டம் முழுவதும் ஓட இரண்டு மணி என்று கொண்டால் மிஞ்சுவது நான்கு. அரைமணிக்கு ஒரு பேருந்து வருமாயின், இறங்கிய ஒவ்வொரு தரிப்பிலும் சராசரி கால்மணி காத்திருப்பில் கழியும். நான்கு இடங்களில் இறங்குபவனுக்கு ஓரிடத்துக்கு முக்கால் மணி நேரமே கிடைக்கும். ஒரு பேருந்து நிரம்பி வந்து நில்லாமற் போய்விட்டாலோ அதுவும் இல்லை. கம்பெனியின் உலாவில் சென்றவர்கள் தாமதித்தால் கப்பல் அவர்களுக்காக நிற்கும். தாமாகச் சுற்றப் போனவர்களுக்காக நில்லாது. ஆகவே அவர்கள் ஒரு கோபுரத்தையோ மண்டபத்தையோ பார்க்கிறார்கள் என்பதைவிட, கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்கள் என்பதே பொருந்தும். என்னைக் கேட்டால், எங்கும் இறங்காமல் ஒரு வட்டம் முழுவதும் சுற்றிவிட்டு, பிறகு மனத்துக்குப் பிடித்த ஓரிடத்தில் மாத்திரம் இறங்கி நெடுநேரம் இருப்பவனே கொடுத்த பணத்துக்குப் பயன் கொண்டவன். நமது தட்பவெப்பத்தில் நண்பகல் பன்னிரண்டு மணிக்கு மேற்றளத்தில் அமர்வது ஒரு விதத் தவம் என்பதையும் சொல்ல வேண்டும். காதில் மாட்டும் கருவியோ பல பாஷைகள் பேசுகின்றது. அதில் தமிழ் ஒலிக்கக் கேட்கும் பாக்கியம் எனக்கு இதுவரை வாய்த்ததில்லை.

இனி நமது கரைக்கு வருவோம். கப்பற் சுற்றுலா இலங்கையின் பிற துறைகளை எட்டிப் பார்த்தாயிற்று: 2023 ஜூன் மாதத்திற் சென்னையிலிருந்து புறப்பட்ட பயணிகள் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகியவற்றைத் தொட்டுச் சென்றது. புத்தளத்துக்கு அத்தகைய கப்பல் வரப்போவதில்லை; ஒல்லாந்தர் காலத்துத் தோணிகளுக்கு இசைந்திருந்த நம் களப்பு, ஆழமற்றது. ஆகையாற் கொழும்பிற் கரையிறங்குவோரை இங்கே இழுப்பதற்கு, வென்னப்புவையிலிருந்து கற்பிட்டி வரை இப்படியொரு பேருந்தை ஓட்டலாமே என்று யோசனை சொல்லும் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்கள் காட்டும் உதாரணம், சென்னைக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே கிழக்குக் கடற்கரைச் சாலையில் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் ஓட்டிய இதே வகைப் பேருந்து.

உதாரணம் அழகானது, அதனாலேயே ஆராயத்தக்கது. அந்தச் சாலையில் 1966இல் தோன்றிய சோழமண்டல ஓவியர் கிராமம், 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா அருங்காட்சியகம், 1976இல் அமைந்த முதலைப் பண்ணை, புலிக்குகை, மாமல்லபுரத்துச் சிற்பங்கள் யாவும் மணிமாலை போல ஒரே சரட்டில் கோத்துக் கிடக்கின்றன. நமது கொழும்பு–புத்தளம் வீதியும் ஒரு சரடுதான். ஆனால் அங்குள்ளவற்றுட் பெரும்பாலானவை காண்போருக்கென்றே அமைந்தவை. கல் இரதமும் முதலையும் காலையிலும் மாலையிலும் ஒன்றுபோல நமக்காக இருந்துகொண்டிருக்கும். நமது கரையிலுள்ளவை அப்படி இரா.

முன்னேஸ்வரத்தையே எடுத்துக்கொள்வோம். தமிழரும் சிங்களவரும் ஒருங்கே வந்து தொழும் அத்தலத்தில் நண்பகற் பூசை முடிந்து நடை சாத்தினால், மீண்டும் திறப்பது மாலையில். கொழும்பிற் கரையிறங்கியவரை ஏற்றிவரும் பேருந்து அதற்குப் பின் வந்து சேருமாயின், பிரயாணி காண்பது சாத்திய கதவை.

அதற்கு வடக்கே உடப்பு. இந்த மேற்குக் கரையிற் பெரும்பாலும் சிங்களமே ஒலிக்கும் ஊர்களின் நடுவே தமிழையும் திரௌபதை அம்மனையும் விடாது காத்துவரும் அவ்வூரின் உண்மையான காட்சி, ஆடிமாதத் தீமிதிப்பு ஒன்று, கரைவலை மற்றொன்று. அதிகாலையில் தோணி வலையைக் கடலில் வளைத்து விட்டுவர, இரண்டு முனைக் கயிறுகளையும் கரையில் நின்று இரு அணியினர் இழுக்கத் தொடங்குவர். இழுவையின் பாரத்துக்கு இசைவாக ஒருவன் அம்பாப் பாட்டை எடுத்துக் கொடுக்க, மற்றவர் வாங்கிப் பாடுவர். பாட்டின் தாளம் கயிற்றின் தாளம். கடல் இலேசாக இருந்தால் பாட்டும் பரிகாசமாய் ஓடும், வலை கனத்தால் பாட்டும் கனக்கும். இரு அணியும் மெல்ல மெல்ல நெருங்கி வந்து, வலையின் மடி கரையேறி, வலைக்குரியவராகிய சம்மாட்டி முன்னிலையில் மீன் பங்கிடப்படுவதற்கு மணிக்கணக்காகும். சில நாளில் அத்தனை பாடுபட்டும் மடியில் சொறிமுட்டையும் பாசியுமே வரும். அரைமணித் தரிப்பில் இறங்கியவன் கயிறு இழுக்கும் முதுகுகளைப் படம் பிடிப்பான். மடி கரை சேருமுன் பேருந்து வந்துவிடும். மீன் வந்ததா, வரவில்லையா என்பதே அவ்வூரின் கதை. அதை அறியாமல் அவன் போய்விடுவான். வேண்டுமானால் அவன் வரும் நேரத்துக்கு வெறும் வலையைப் போட்டு இழுத்துக் காட்டலாம். அப்படி ஒரு நாள் வாராதிருக்கட்டும்.

ஏனையவற்றைச் சுருங்கச் சொல்லலாம். 2001இல் ஈரநிலங்களுக்கான ராம்சார் ஒப்பந்தத்தின் கீழ்ச் சேர்க்கப்பட்ட ஆனைவிழுந்தான் குளங்களிற் பறவைகள் புலர்விலும் அந்தியிலும் காட்சி தரும்; கப்பற் பிரயாணிக்கு அவ்விரு பொழுதும் கிடையா. தலவில புனித அன்னம்மாள் ஆலயம் மார்ச்சு, ஓகஸ்து மாதத் திருவிழாக்களிற் சனசமுத்திரமாகும். அப்போது பேருந்து நுழைய வழியிராது. ஒல்லாந்தர் 1667இல் தொடங்கி 1676இல் முடித்த கற்பிட்டிக் கோட்டை கடற்படையின் வசம் இருப்பதால், அனுமதியும் துணையாளும் இன்றி உள்ளே போதல் இயலாது. டொல்பின்களைக் காட்டும் படகுகள் நவம்பர் முதல் ஏப்ரல் வரை ஆலங்குடாப் பக்கத்திலிருந்து காலையிலேயே போய்விடும். அங்கேயும் ஒரு கூட்டத்தைச் சுற்றிப் பல படகுகள் விரையும் அவசரத்தைப் பார்த்தால், பேருந்தின் மனப்பான்மை நமக்கு முன்னமே கடலில் இறங்கிவிட்டது என்று தோன்றுகிறது.

பாலாவிச் சந்தியிற் பிரிந்து கற்பிட்டிக்குப் போகும் வீதியில், 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் வந்து குடியமர்ந்த கிராமங்கள் உள்ளன. சற்று அப்பால் நுரைச்சோலையில் 900 மெகாவாட் நிலக்கரி மின்நிலையத்தின் புகைபோக்கி நிற்கிறது. அதற்கும் அப்பால், சுற்றுலா வலயம் என்று 14 தீவுகளைக் குறித்துத் தீட்டப்பட்ட திட்டத்தால் தம் கரையும் காணியும் போய்விடுமோ என்று மீனவர் கிளர்ந்தெழுந்த ஊர்கள். காதுக் கருவியின் இனிய குரல் இவ்விடங்களில் என்ன சொல்லும்? பெரும்பாலும் சங்கீதம் வாசிக்கும் என்றே நினைக்கிறேன். இவற்றையெல்லாம் சொல்லக்கூடிய ஒருவர், பக்கத்து ஆசனத்தில் மீன்கூடையோடு இருந்து பிரயாணம் செய்யும் சாதாரண பஸ்ஸில்தான் கிடைப்பார்.

ஆதலால் என் தீர்ப்பு இது. துறைமுகத்தை ஒட்டிய நகரத்துக்கு, ஒரு பகல் மாத்திரம் கையிலுள்ளவனுக்கு, ஏறி இறங்கும் பேருந்து தக்க சாதனம். கொழும்பு அதை நன்றாக நடத்தட்டும். புத்தளத்துக் கரைக்கு அது ஒவ்வாது. இங்கே அதனை ஓட்டுவோர் முதலிற் பேருந்துக்கு நேரம் வகுப்பர், பிறகு கோயிலுக்கும் வலைக்கும் நேரம் வகுக்க முற்படுவர். அதற்குச் செலவிடும் பணத்தில் நூறில் ஒரு பங்கைக் கொண்டு, சிலாபம் பஸ் நிலையத்திலும் பாலாவிச் சந்தியிலும் மூன்று மொழிகளில் நேர அட்டவணைப் பலகை வைத்து, உடப்புக்கும் தலவிலவுக்கும் கற்பிட்டிக்கும் போகும் பஸ்கள் எப்போது வரும், கடைசிப் பஸ் எப்போது போகும் என்பதைத் தெளிவாய் எழுதும்படி உரியோரைக் கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கரையில் ஏறி இறங்கும் பஸ் முன்னமே ஓடிக்கொண்டிருக்கிறது. வட்டமாகச் சுழலுவதில்லை, அவ்வளவே.

என் தங்கை மறு ஆண்டு விமானத்தில் வந்தாள். சிலாபத்துக்குச் சாதாரண பஸ்ஸில் வந்து, அங்கிருந்து ஓட்டோவில் முன்னேஸ்வரம் போனபோது நடை சாத்தியிருந்தது. அர்ச்சனைத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு மாலை திறக்கும்வரை வாசலிலேயே இருந்தோம்.