சோபியா பெத்ரோவ்னாவின் நம்பிக்கை

லிடியா சுக்கோவ்ஸ்கயா தமது ‘சோபியா பெத்ரோவ்னா’ குறுநாவலை 1939-40 காலப்பகுதியில் லெனின்கிராட்டில், கொப்பியொன்றில் இரகசியமாக எழுதினார். அவர்தம் கணவரான பௌதிகவியலாளர் பிரொன்ஸ்டைன் 1938இலேயே சுட்டுக்கொல்லப்பட்டிருந்தார். எனினும் நாவலின் நாயகி அரசை ஐயுறாத ஒரு தட்டெழுத்தாளராகவே படைக்கப்பட்டுள்ளாள். மகன் கைதான பின்னரும், சிறைவாயில் வரிசையில் நிற்கும் ஏனைய பெண்களை மெய்யான மக்கள் விரோதிகளின் உறவினரென்றே அவள் கருதுகிறாள். தன் மகன் விடயத்தில் மட்டும் தவறு நேர்ந்துவிட்டதாம்! இதனை வெறும் பேதைமையெனத் தள்ளிவிடல் பொருந்தாது. சிந்திப்பதற்கான சொற்களையே பத்திரிகைதான் அவளுக்கு வழங்கிற்று. வேறு சொற்கள் அவளை எட்டவில்லை. ஈற்றில், மகன் எழுதிய கடிதத்தை அவளே எரிக்கிறாள்.

ஆசிரியரின் கொப்பியோ எரியாது எஞ்சியது. நாவலை ஏற்ற பதிப்பகம் 1963இல் கைவிரித்தபோது, அவர் வழக்காடிப் பணத்தைப் பெற்றார், நூலைப் பெறவில்லை. சோவியத் மண்ணில் அது 1988இலேயே அச்சேறிற்று. அப்போது அவருக்கு வயது 80.